பிள்ளைபிடி ராயம்மா

ராயம்மாளுக்குப் பெருநோய் இருந்தது என்று செஞ்சியில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெருநோய் என்கிற குஷ்டம் அவளுக்கு இல்லை. அவள் கையைத் தின்றது எக்ஸ்ரே மெஷின். அந்த மெஷினுக்கு சுவிட்ச் போட்டவன் நான். அதனால் இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் வேறு எவனும் இல்லை. தெரிந்தும் வாயைத் திறக்காதவனும் என்னைப்போல் எவனும் இல்லை.

என் பெயர் ஆதிமூலம். திண்டிவனம் சாலையில் டாக்டர் தாண்டவராயன் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். 1938இல் டாக்டர் மதராஸில் ஏதோ ஏலத்துக்குப் போய் ஒரு எக்ஸ்ரே மெஷினை எடுத்துவிட்டார். முதல் யுத்தம் முடிந்த காலத்து மெஷின். திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து இரண்டு மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. பீரோ மாதிரி ஒரு பெட்டி, ஒரு இரும்புக் கம்பம், அதன் கையில் பரங்கிக்காய் அளவு ஒரு கண்ணாடிக் குண்டு. அந்தக் குண்டுக்கு மூடியும் இல்லை, உறையும் இல்லை. பின்கட்டில் ஆயில் இஞ்சினை ஓட்டிக் கரண்டு கொடுத்தால் தலைக்கு மேலே கம்பிகள் சீறும். இடி விழுந்த இடத்து வாசனை அறை முழுக்க அடிக்கும். ஊர் ஜனம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

மெஷினுக்கு வேண்டிய துணைச் சாமான்கள் தனியாக ஒரு மரப்பெட்டியில் வந்தன. இருட்டில் பச்சையாக ஒளிரும் திரை ஒன்று. பிலிம் வைக்கிற தட்டைப் பெட்டிகள். ஈயம் கலந்த ரப்பரில் ஒரு மேலங்கி, அதே ரப்பரில் ஒரு ஜோடி கையுறை. கறுப்பாக, விறைப்பாக, கரடியின் கை மாதிரி இருக்கும். திரையைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணை இருட்டுக்குப் பழக்குவதற்கு ஒரு சிவப்புக் கண்ணாடி. டாக்டர் அதை மாட்டிக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் போய்வருவார். பார்த்த நாய்கூட குரைக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், நோயாளியை மேஜையோடு சேர்த்துக் கட்டுகிற அகலமான துணிப்பட்டை ஒன்று கிடந்தது. அதைக் கரையான் தின்றிருந்தது.

அந்தப் பழைய மெஷினில் ஒரு படம் எடுக்க ஐந்து எண்ணும் நேரம் ஆகும். அதற்குள் கொஞ்சம் ஆடினாலும் எலும்பு புகை மாதிரித்தான் விழும். பெரியவர்களைச் சொல்லி வைக்கலாம். காலணாவை விழுங்கிவிட்டு வருகிற இரண்டு வயசுப் பிள்ளையிடம் என்ன சொல்வது? வேறு பட்டை கேட்டு டாக்டர் மதராஸுக்கு எழுதினார். இதோ வரும், அதோ வரும் என்றிருந்தோம். யுத்தம்தான் வந்தது. பட்டை வரவில்லை. அதற்கு முன்னாலேயே பட்டைக்குப் பதிலாக ராயம்மாள் வந்துவிட்டாள்.

சிங்கவரத்துப் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளில் கடலை பிடுங்குகிற கூலி வேலை செய்துகொண்டிருந்தவள். புருஷன் பால்சாமி வாந்திபேதியில் போய்விட்டான். ஒரே பெண், ஜோசப்பின். அந்தப் பெண் பத்து வயசில் புளியமரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டு வந்தது. மேஜையில் படுக்கவைத்தால் துள்ளுகிறது, கத்துகிறது. ராயம்மாள் மேஜைக்குப் பக்கத்தில் குனிந்து, உடைந்த கையை முறிவுக்கு மேலேயும் கீழேயுமாகத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள். "அதோ பாரு கண்ணு, மலை மேல தேசிங்கு குதிர தாண்டுது. நீ ஆடினா வுழுந்துடும்" என்றாள். பெண் மூச்சைக்கூட விடவில்லை. நான் சுவிட்சைப் போட்டேன். அப்படி ஒரு சுத்தமான படம் அதுவரை எங்களுக்கு விழுந்ததில்லை. எலும்பில் நூல் மாதிரி ஓடின கீறல்கூடத் தெரிந்தது. படத்தின் ஓரத்தில் ராயம்மாளின் விரல் எலும்புகளும் விழுந்திருந்தன. டாக்டர் அன்றைக்கே அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அவள் வேலை பிடிப்பது. குழந்தையின் தலையை, இடுப்பை, முறிந்த காலை. ராஜகிரி மலையில் பாறை சறுக்கி விழுந்த ஆட்டுக்காரனை, பனைமரத்திலிருந்து விழுந்தவனை, எவனையும் பிடிப்பாள். நான் என் இடத்திலிருந்து "அசையாதே, மூச்சை அடக்கு" என்று குரல் கொடுப்பேன். நோயாளி அடக்குகிறானோ இல்லையோ, அவள் அடக்குவாள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் முகம் சுளிக்க மாட்டாள். ஊரில் அவளுக்குப் பேரே பிள்ளைபிடி ராயம்மா என்று ஆகிவிட்டது. சோறு தின்னாத குழந்தைகளை, "பிள்ள பிடிக்கிறவ வரா பாரு" என்று தாய்மார்கள் மிரட்டுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போவாள். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கொல்லையில் குனிந்து கிடந்தவளுக்கு ஆஸ்பத்திரி உத்தியோகம் என்றால் சும்மாவா?

என் சுவிட்சுக்கு முன்னால் ஈயத் தகடு அடித்த மரத்தட்டி ஒன்று இருந்தது. டாக்டருக்கு ரப்பர் மேலங்கியும் கையுறையும். ராயம்மாளுக்கு அவள் கட்டியிருந்த சேலை. இதை யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. சூடு இல்லை, சுடவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. "நெலா வெளிச்சம் மாதிரிதான கம்பவுண்டரய்யா, இன்னா பண்ணிடப் போவுது?" என்று அவளே சொல்வாள்.

1941இல் ஒரு நாள் டாக்டருக்கு என்ன தோன்றியதோ, தன் கையுறையைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். மேஜையில் கிடந்தது ஒன்றரை வயசுப் பிள்ளை. இரண்டு கறுப்புக் கை தன் மேல் வருவதைப் பார்த்ததும் அது வீறிட்டுப் புரண்டது. படம் வீண். இன்னொரு பிலிம் போட்டோம். அதுவும் வீண். யுத்தக் காலத்தில் பிலிம் கிடைப்பது குதிரைக் கொம்பு. டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது.

"கழட்டித் தொலை அத. பிலிம் இன்னா மரத்துலயா காய்க்குது?"

அவள் கழற்றினாள். பிள்ளை அவள் கை பட்டதும் அடங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கையுறையை அவள் தொடவே இல்லை.

முதலில் அவளுடைய நகங்கள் வெடித்தன. பிறகு விரல் மேல்தோல் காய்ந்து, வறண்ட ஏரி மாதிரி பிளந்தது. விளக்கெண்ணெய் தடவினாள், மஞ்சள் அரைத்துப் போட்டாள். 1943இல் வலது ஆள்காட்டி விரலில் மரு மாதிரி ஒன்று கிளம்பி, உடைந்து, ஆறாத புண்ணாக நின்றது. மிளகாய் அரைக்க முடியவில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் துடித்துப்போவாள் என்று ஜோசப்பின்தான் எனக்குச் சொன்னது. ஆஸ்பத்திரியில் அவள் வலி என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு வருவாள். பிடிக்கிற நேரத்தில் துணியை அவிழ்த்து வைத்துவிட்டுப் பிடிப்பாள். துணி வழுக்கும், பிடி சரியாக இருக்காது என்பாள்.

ஒரு நாள் டாக்டர் அவள் கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். துத்தநாகக் களிம்பு போடச் சொல்லி அனுப்பிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"மெஷினால வர்ற புண்ணு இது. மெட்ராஸ்ல ரெண்டு பேருக்குப் பாத்திருக்கேன். வெளிய மூச்சு விடாதே. தெரிஞ்சா ஒருத்தன் இந்த மெஷின்கிட்ட வர மாட்டான்."

"அப்போ அவள நிறுத்திடலாமே சார்?"

"நிறுத்திட்டா யாரு பிடிப்பா? நீ பிடிக்கிறியா?"

எனக்கும் பத்து விரல் இருந்தது. பத்தையும் வைத்துக்கொள்ளும் ஆசையும் இருந்தது. மறுநாளும் ராயம்மாள் வந்தாள், பிடித்தாள். நான் சுவிட்சைப் போட்டேன். இப்படி இன்னும் ஒன்றரை வருஷம்.

1945 தையில் ஜோசப்பினுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மாப்பிள்ளை ஜோசப்ராஜ், கிணற்றுப் பாசனத்தோடு நிலம் உள்ள வீடு. மாப்பிள்ளையின் தகப்பன் பாக்கியசாமி கறாரான மனுஷன், கெட்டவன் என்று சொல்ல முடியாது. ராயம்மாள் பிழைத்துக் கிடந்ததே இந்த ஒரு கல்யாணத்துக்காக. மாசியில் தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் தாலி கட்ட முடியாது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பறந்தாள்.

அவர்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாம் ஓலையும் ஆயிற்று. அன்று மத்தியானம் பாக்கியசாமி துணிமணி பற்றிப் பேச ராயம்மாள் வீட்டுக்கு வந்தார். அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது விரல் துணி நழுவிவிட்டது. பாக்கியசாமி விரலைப் பார்த்தார். மோரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் திங்கட்கிழமை, கோயில் உபதேசியாரைக் கூட அழைத்துக்கொண்டு பாக்கியசாமி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். ராயம்மாளும் வந்தாள். எக்ஸ்ரே அறையில்தான் எல்லோரும் நின்றோம்.

"டாக்டரய்யா, ஒரே வார்த்த. அந்தம்மாவுக்குப் பெருநோயா இல்லியா? இல்லன்னா வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது ஓலய வாசிக்கட்டும்" என்றார் பாக்கியசாமி.

"அதெல்லாம் இல்ல. ஏதோ தோல் வியாதி" என்றார் டாக்டர்.

"இன்னா வியாதிங்க அது? பேரு இல்லாத வியாதியா?"

டாக்டர் பேர் சொல்லவில்லை. பேர் சொன்னால் மெஷினைச் சொல்ல வேண்டும். ராயம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொல்லிவிடுவார் என்று அவள் நம்பினாள். அவர் தரையைப் பார்த்தார்.

"பெருநோய்க் கைக்கு ஊசி குத்தினா தெரியாதும்பாங்க. குத்திப் பாருங்க. வலிச்சா வலிக்குதுன்னு தெரிஞ்சிடும். எங்களுக்கும் மனசு ஆறும்" என்றார் உபதேசியார்.

நல்ல யோசனைதான். அந்தக் கையில் காற்று பட்டாலே அவளுக்கு உயிர் போகும். ஊசி குத்தினால் அலறிவிடுவாள், விஷயம் முடிந்துவிடும் என்று எனக்கே நிம்மதியாக இருந்தது. டாக்டர் ஊசியை எடுத்தார். அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, எப்போதும் போல இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தாள். "கண்ண மூடிக்கோ" என்றார் டாக்டர். மூடினாள். நானும் என் இடத்தில், சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இந்த நாசமாய்ப்போன வாய் அப்போதுதான் திறந்தது.

"அசையாதே ராயம்மா. மூச்சை அடக்கு."

வேண்டுமென்று சொல்லவில்லை. அந்த அறையில், அந்த மேஜையில் அவள் கை வைத்ததும் ஏழு வருஷமாக என் வாயிலிருந்து வருகிற வார்த்தை, தானாக வந்துவிட்டது. அவளுக்கும் ஏழு வருஷப் பழக்கம். மூச்சை அடக்கினாள். ஊசி புண்ணின் ஓரத்தில் இறங்கியது. ரத்தம் ஒரு சொட்டு வந்தது. அவள் இமைகூட ஆடவில்லை.

"பாத்தீங்களா" என்றார் பாக்கியசாமி, மெதுவாக.

அவள் கண்ணைத் திறந்தாள். எல்லோர் முகத்தையும் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. "வலிச்சுது. சேசு சத்தியமா வலிச்சுது" என்று கத்தினாள். இன்னொரு தடவை குத்தச் சொல்லிக் கையை நீட்டினாள். "இப்பக் குத்தினா கத்தத்தான செய்வீங்க" என்று உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். அந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். இது மெஷின் புண் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருக்க வேண்டும். என் நாக்கு எழும்பவில்லை. வேண்டாத நேரத்தில் ஆடிய நாக்கு வேண்டிய நேரத்தில் செத்துக் கிடந்தது.

அவர்கள் போன பிறகு வெளியே வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றேன்.

"குத்தினப்போ உசுரே போயிடுச்சு கம்பவுண்டரய்யா. நீங்க அசையாதேன்னீங்க. நான் அசையல" என்றாள். குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். காறித் துப்பியிருந்தால்கூட நான் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

கல்யாணம் நிற்கவில்லை. ஜோசப்ராஜ் இந்தப் பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பெண்ணின் உடம்பைப் பார்த்து நோய் இல்லை என்று டாக்டர் சொன்னார். பாக்கியசாமி ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டார். தாய்க்காரி குஷ்டரோக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கல்யாணத்துக்கும் வரக்கூடாது, அதற்கப்புறமும் வாசப்படி ஏறக்கூடாது. ராயம்மாள் யோசிக்கவே இல்லை. சரி என்றாள். மூன்றாம் ஓலை வாசித்த அன்றைக்கு அவள் ஊரில் இல்லை. இவளுக்குப் பெருநோய், சேர்த்துக்கொள்ளவும் என்று டாக்டர் கடிதம் எழுதினார். இல்லாத வியாதிக்குச் சரளமாக எழுதினார். பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏற்றி, அவளை அங்கே கொண்டுபோய் விட்டு வந்தவன் நான். யுத்தக் காலம், அங்கே டாக்டர் யாரும் இல்லை; அதை நடத்திய கன்னியாஸ்திரீகள் கடிதத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்து மறுவருஷம் அங்கே ஒரு பெண் டாக்டர் வந்தார். இருந்த நோயாளிகளையெல்லாம் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். ராயம்மாளின் கையைப் பார்த்ததும், "நீ எக்ஸ்ரேயில் வேலை செய்தாயா?" என்றுதான் கேட்டாராம். புண் புற்றாகத் திரும்பியிருந்தது. இரண்டு விரலை எடுத்தார். இவளுக்குப் பெருநோய் ஒருபோதும் இருந்ததில்லை, இது எக்ஸ்ரே கதிரால் வந்தது என்று இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் நேராக என்னிடம் வந்தாள். "இன்னா எழுதியிருக்குது, படிங்க" என்றாள். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவையும் படித்தேன். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

"பனமலைக்கு வர்றீங்களா? ஜோசப்பினுக்கு எட்டு மாசம். நீங்க படிச்சுச் சொன்னா சம்பந்தி நம்புவாரு. பேறுகாலத்துக்கு நான் பக்கத்துல இருக்கலாம்."

எனக்கும் அது வேண்டியிருந்தது. ஒரு தடவையாவது இந்த வாய் உருப்படியாக எதையாவது சொல்லட்டும் என்று காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வெள்ளைத் துணியால் கையை மூடிக்கொண்டு, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மகளுக்கு வெல்லம் போட்டு மல்லாட்டை உருண்டை பிடித்து எடுத்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்தோம். வழியெல்லாம், பிள்ளை பிறந்தால் எந்தக் கையில் தூக்குவது, எந்தக் கையில் தண்ணீர் ஊற்றுவது என்றே பேசிக்கொண்டு வந்தாள்.

ஜோசப்பின் வாசலில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். மரத்தடிக் கட்டிலில் பாக்கியசாமி. எங்களைப் பார்த்தார். எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஜோசப்பின் முறத்தைக் கீழே வைத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"யாருடி ஜோசப்பினு?" என்றாள் அம்மாக்கண்ணு.

ஜோசப்பின் மாமனாரின் முதுகைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"எங்கம்மாகூட ஆஸ்பத்திரியில வேல செஞ்சவங்க" என்றாள்.

நான் சட்டைப் பையில் கையை விட்டேன். காகிதத்தை எடுத்து அங்கேயே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்துவிடலாம் என்றுதான். ராயம்மாள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படியே நிறுத்திவிட்டேன்.

"அய்யோ பாவம்" என்றாள் அம்மாக்கண்ணு. "கண்ணாலம் முடிஞ்ச மாசமே போய்ச் சேந்துட்டாங்களாமே இவங்கம்மா. கோயில் சாமியார்கிட்டச் சொல்லி பூசகூட வெச்சாங்க. சாவும்போது நீங்க கூட இருந்தீங்களா?"

"இருந்தேன்" என்றாள் ராயம்மாள்.

"ரொம்ப அவஸ்தப்பட்டாங்களா?"

"இல்லம்மா. சுருக்கா முடிஞ்சிடுச்சு. பொண்ணு நல்லா இருக்கணும், அவ்ளோதான்னு சொல்லிட்டுக் கண்ண மூடினாங்க."

ஜோசப்பின் உருண்டைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "சாப்டுட்டுப் போங்க" என்றாள், தாயின் முகத்தைப் பார்க்காமல். "இல்ல கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று சொல்லிவிட்டு ராயம்மாள் திரும்பினாள். அன்றைக்கே திரும்பக் குஷ்டரோக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். நோய் இல்லாதவளை வைத்துக்கொள்ள முடியாது என்றார்களாம். கட்டுத்துணி துவைக்கிறேன், ஒரு மூலை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

1949இல் புற்று தோள் வரைக்கும் ஏறி, அங்கேயே செத்தாள். கன்னியர்கள் எனக்கு ஆள் அனுப்பினார்கள். போய் நின்று மண் போட்டேன். அவளுக்கு ஒரு மகள் உண்டாமே, தகவல் அனுப்பலாமா என்று ஒரு கன்னியாஸ்திரீ கேட்டார். நாலு வருஷத்துக்கு முன்னாலேயே செத்துப்போனவள் இன்றைக்குச் செத்துவிட்டாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.